மூன்று சாளை

“பழைய வாலட் இன்னும் வேலை செய்யுமா?”

கயல் என்ற மின்னணு நாணயத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்தால் முதல் கேள்வியே இதுதான். அதற்குக் கீழே முன்பு ஒற்றைச் சொல்லில் பதில் போட்டிருந்தார்கள்: “செய்யாது.” அந்தப் பதிலை மாற்ற வைத்தது எங்கள் ஊர். மணியந்துறை என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், கேரள எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கிறது. பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, அதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜெசிந்தா. சிலுவை நிற்கிற குருசடி முக்கில் ‘ஜெசி மொபைல்ஸ்’ என்று கடை வைத்திருக்கிறேன். ஊரில் எந்த வீட்டுப் போனிலும் கயல் வாலட்டை ஏற்றிக் கொடுத்தது நான்தான். என் வீட்டுக்காரர் ததேயு, ‘சலேத் மாதா’ என்ற விசைப்படகை ஓட்டுகிறவர். எங்கள் ஊர்ப் படகுகள் கரையோரம் சுற்றிவிட்டு மாலையில் திரும்புகிற ரகம் கிடையாது. சூரையும் சுறாவும் தேடி அரபிக் கடலின் நடுவுக்குப் போய்விடும். ஒரு தடவை போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல்.

அங்கே போன் டவர் இல்லை. சேட்டிலைட் போன் வைத்துக்கொள்ள அனுமதி வாங்குவதற்குள் மீனுக்குக் கால் முளைத்துவிடும். அந்தக் குறையைத்தான் கயல் தீர்த்தது. ஒவ்வொரு படகிலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதற்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி, உள்ளங்கை அகலத்தில் ஒரு சோலார் தகடு. நடுக்கடலில் ஒரு படகிடம் ஐஸ் வாங்கினாலும் டீசல் வாங்கினாலும் இந்தப் பெட்டி வழியாகக் காசு போகும். அந்தக் கணக்கு ரேடியோவில் ஒரு படகிலிருந்து அடுத்த படகு, அதிலிருந்து அடுத்தது என்று கைமாறிக் கைமாறிக் கரைக்கு வரும். எங்கள் கோயில் மணிக்கூண்டின் உச்சியில் கரைப் பெட்டி இருக்கிறது. அது வாங்கி, ஊரில் இருக்கும் போன்களுக்குக் கொடுக்கும்.

கயலை ஆயிரமாயிரமாகப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு துணுக்கு நிற்கும். அதற்கு எங்கள் ஊர் மத்தி மீனின் பெயரை வைத்தது: சாளை. ஒரு சாளையைக் கொண்டு தீக்குச்சிகூட வாங்க முடியாது. ஆனால் மிஸ்டு கால் கொடுத்தே வளர்ந்த சனம் நாங்கள். ஒரு ரிங் விட்டால் வந்து சேர்ந்தேன், இரண்டு விட்டால் நீ கூப்பிடு. செலவில்லாமல் பேச எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடலுக்குப் பெட்டி போன முதல் பருவத்திலேயே ஆண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தி சாய்ந்ததும் வீட்டுக்காரிக்கு ஒரு சாளை அனுப்பினால், நலமாக இருக்கிறோம். இரண்டு வந்தால், கரைக்குத் திரும்புகிறோம். மூன்று வந்தால் ஆபத்து. மூன்றை அதுவரை யாரும் அனுப்பியதில்லை.

அந்தி நேரத்தில் எங்கள் தெருவில் நடந்து பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ‘டிங்’ என்று ஒரு சத்தம். குழம்பைக் கிளறிக்கொண்டே ஒருத்தி அடுத்த வீட்டைப் பார்த்து, “ஒனக்கு வந்தாச்சா பிள்ளே?” என்பாள். “வந்தாச்சு, வந்தாச்சு” என்று அங்கிருந்து குரல் வரும். அப்புறம்தான் எல்லோருக்கும் சோறு இறங்கும்.

இதற்கு வினையாக வந்தது அப்டேட்.

காரணம் நியாயமானது, அதை மறைக்க மாட்டேன். புதுவிதமான கணினிகள் வந்துவிட்டன. பழைய வாலட் ஒவ்வொரு காசோடும் போடுகிற கையெழுத்தை அவற்றால் அப்படியே போலியாகப் போட முடியும் என்றார்கள். ஆகவே கையெழுத்து முறையையே மாற்றினார்கள். புதிய பதிப்பு வந்த நாளிலிருந்து பழைய கையெழுத்து செல்லாது. நானும் கடை வாசலில் ‘உடனே அப்டேட் செய்யவும்’ என்று பலகை எழுதித் தொங்கவிட்டேன். சங்கத் தலைவர் கிளீட்டஸ் அண்ணன் மணிக்கூண்டில் ரிப்பன் கட்டினார், பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்தார், கரைப் பெட்டி புதுப் பதிப்புக்கு மாறியது. எல்லோருக்கும் லட்டு.

அது மே மாதத்தின் முதல் வாரம். அன்று அந்தியில் தெருவில் ஒரு ‘டிங்’கூட இல்லை.

முதல் நாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச் செருப்பு கடிக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம். அடுத்த நாளும் சத்தமில்லை. மூன்றாம் நாள் பெண்கள் என் கடைக்கு வந்து நிற்கத் தொடங்கினார்கள். நான் கயலின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். சென்னையிலிருந்து முகுந்தன் என்று ஒருவர் பேசினார்.

“மேடம், படகுல இருக்கிற பெட்டி எல்லாம் புதுப் பதிப்புதானே?”

“எப்பிடி சாரே இருக்கும்? அவிய ஏப்ரல்லயே போயாச்சு. கடலுக்க நடுவுல கெடக்காவ.”

“மே மாசத்துல எப்படி கடல்ல இருப்பாங்க? இது தடைக்காலம். படகெல்லாம் கரையில நிக்கிற நேரமாப் பாத்துதானே தேதி குறிச்சோம். தமிழ்நாட்டுல ஏப்ரல் நடுவுல இருந்து ஜூன் நடு வரைக்கும் தடை.”

எனக்குப் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“அது கெழக்குக் கரைக்கு சாரே. எங்களுக்கு மேக்குக் கரை. எங்களுக்கு ஜூன், ஜூலைதான் தடை. ஒரே மாவட்டத்துலயே அந்தப் பக்கத்து ஊருக்கு ஒரு தேதி, இந்தப் பக்கத்து ஊருக்கு வேற தேதி. மீனு என்ன, ஒங்க காலண்டரப் பாத்தா முட்ட போடும்?”

அந்தப் பக்கம் விசைப்பலகையைத் தட்டித் தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு, “இதை யாரும் எங்ககிட்ட சொல்லலையே மேடம்” என்றார். குரலில் பொய் இல்லை. கடல் என்றாலே அவர்களுக்கு மெரினா இருக்கிற பக்கம்தான்.

“சரி, பழைய வாலட் வேல செய்யுமா செய்யாதா, அதச் சொல்லுங்க.”

“செய்யாது” என்றார். உதவிப் பக்கத்தில் எழுதியிருந்ததையே படித்தது போல இருந்தது.

இது இப்படி இருக்கும்போதுதான் புயல் வந்தது. அரபிக் கடலில் மே மாதப் புயல் புதிதில்லை. ஆனால் இது திடீரென்று திரும்பி, எங்கள் படகுகள் நிற்கிற பக்கமாக ஏறியது. எச்சரிக்கையைக் கேட்ட படகுகள் கிடைத்த துறைமுகத்துக்குள் ஒதுங்கின. கர்நாடகத்து மல்பேயிலிருந்து ஒருவர், கோவாவிலிருந்து இருவர் என்று சாதாரணப் போனில் கூப்பிட்டுச் சொன்னார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வீட்டில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. என் போன் அடிக்கவில்லை. சலேத் மாதாவோடு சேர்த்து இன்னும் சில படகுகளைப் பற்றிச் சேதியே இல்லை. கடலோரக் காவல்படை தேடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எங்கே தேடுவது? கடைசியாக எங்கே நின்றார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது.

பயந்தேன். வாயாடி என்று பெயர் எடுத்தவள், இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. கடையில் உட்கார்ந்து அந்தப் பலகையையே வெறித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் திரும்பவும் முகுந்தனைக் கூப்பிட்டேன். இந்த முறை சண்டை போடவில்லை.

“ஒண்ணு கேக்கேன் சாரே. கடல்ல பழைய பெட்டிக ஒண்ணோட ஒண்ணு இப்பமும் பேசிக்கிடுமா?”

“பேசிக்கும். எல்லாமே பழசுதானே. ஒண்ணு அனுப்புறதை இன்னொண்ணு வாங்கி அடுத்ததுக்குக் குடுக்கும்.”

“அப்ப, அவிய அனுப்புதது கரை வரைக்கும் வருது.”

“வருது. உங்க கோபுரத்துப் பெட்டி அதைப் பாக்குது. கையெழுத்து பழசுன்னு தூக்கிப் போடுது.”

எங்கள் தலைக்கு மேலே, நாங்கள் தினமும் மணியடிக்கிற கூண்டில், அவர்கள் சேதி வந்து வந்து குப்பைக்குப் போயிருக்கிறது.

“போட்டது போட்டதுதானா?”

“கரையில வச்சுக்காது. ஆனா படகுப் பெட்டி விடாது. கரைச் சாட்சி கிடைக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பிட்டே இருக்கும். பழைய பதிப்போட விதி அது. முப்பது கரைப் போன்கள் ‘வந்து சேர்ந்தது’ன்னு சாட்சி சொல்லணும்.”

“அப்ப நாங்க இங்க பழைய பதிப்ப ஓட்டினா?”

“மேடம், வேண்டாம்.” முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. “பழைய கையெழுத்தை ஏத்துக்கிற ஒரே ஒரு வாசல் திறந்திருந்தாலும் திருடன் அது வழியாத்தான் உள்ள வருவான். அதனால விதியே போட்டிருக்காங்க. எந்த ஊர் பழைய பதிப்பை ஓட்டுதோ, அந்த ஊரையே நெட்வொர்க் தானாத் துண்டிச்சிடும். உங்க ஊர்ல எல்லாரோட கயலும் முடங்கிடும். என்னால நிறுத்த முடியாது.”

“முடங்குனா திரும்ப வருமா?”

“தெரியாது. நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது.”

நல்ல மனுஷன். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்கள் உதவி எண்களில் அபூர்வம்.

அன்று மத்தியானமே கோயில் முற்றத்தில் ஊரைக் கூட்டினேன். ஊர் என்றால் பெண்கள்தான். ஆண்களில் வயதானவர்களும் கிளீட்டஸ் அண்ணனும் மட்டும். நடந்ததை நடந்தபடி சொன்னேன். சேதி வருகிறது, கூண்டு தூக்கிப் போடுகிறது, பழைய பதிப்பைத் திரும்ப ஓட்டினால் கேட்கலாம், ஓட்டினால் எல்லோர் கயலும் போய்விடலாம்.

கிளீட்டஸ் அண்ணன் எழுந்தார். அவர் கெட்டவர் இல்லை. சங்கத்துப் பணம் முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது.

“பிள்ளே, ஒனக்க சங்கடம் எனக்குத் தெரியாதா? ஆனா இது ஒரு வீட்டுப் பைசா இல்ல. டீசலு, ஐஸு, பிள்ளைகளுக்க படிப்பு, எல்லாம் அதுலதான் கெடக்கு. பாதிப் படகுக்கு மேல சேதி வந்தாச்சு. மிச்சத்துக்கு நேவி தேடுதாவ. ஊரு முழுக்கத் தெருவுல நிக்கணுமா?”

அவர் கேட்டதில் தப்பில்லை. என் ஆளுக்காக இவர்கள் ஏன் இழக்க வேண்டும் என்று என்னால் எப்படிக் கேட்க முடியும்?

அப்போது செலின் எழுந்தாள்.

செலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்டேட் வந்த அன்றிலிருந்து அவளும் நானும் பேச்சு கிடையாது. என் கடையில் அவள் வாங்கிய போன் அப்டேட்டை ஏற்கவில்லை. ‘இந்தக் கருவிக்குப் பொருந்தாது’ என்று காட்டியது. பணத்தைத் திருப்பிக் கொடு என்றாள். மூன்று வருஷம் முன்னால் வாங்கிய போனுக்கா என்றேன். நடுத்தெருவில் நடந்த அந்தச் சண்டையை ஊரே நின்று பார்த்தது. அவள் கணவன் மல்பேயில் பத்திரமாக இருக்கிறான். வீட்டுக்குக் கூரை போட அவள் சேர்த்ததெல்லாம் கயலில் இருந்தது. அவளுக்கு இதில் இழப்பைத் தவிர ஒன்றும் இல்லை.

இடுப்பிலிருந்து அந்த உடைந்த போனை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

“இந்தா. நீ வித்த சவம். இதுல பழசுதான் கெடக்கு, புதுசு ஏறல்ல. இப்பமாவது ஒண்ணுக்கு ஆவட்டு.”

“செலினே, கூரைக்கு வச்சிருக்க பைசா…”

“கூரை இல்லாம இந்த மழைக்கும் நனைஞ்சிட்டுப் போறேன். எனக்கு வந்த போனு ஒனக்கு வரல்லியே. அந்தியானா ஒனக்க வீட்டுப் பக்கம் பாக்க முடியல்ல பிள்ளே, சோறு எறங்க மாட்டேங்கு.” அப்புறம் கிளீட்டஸ் அண்ணன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, பைசா போனா மீனு பிடிச்சுச் சம்பாதிக்கலாம். மீனு பிடிக்க ஆளு வேண்டாமா?”

நான் அழுதேன். எல்லோர் முன்னாலும்தான். வெட்கப்படவில்லை.

அதற்குப் பிறகு யாரும் கை தூக்கவில்லை, ஓட்டு எண்ணவில்லை. ஒவ்வொருத்தியாக எழுந்து வீட்டுக்கு ஓடினாள். என் கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு வந்த பழைய போன்கள் ஒரு டிராயர் நிறையக் கிடந்தன. புதுப் பதிப்பு ஏறாது என்பதாலேயே விற்காமல் கிடந்தவை. அவற்றையெல்லாம் முற்றத்தில் கொட்டினேன். உயிர் இருந்தது பாதிதான். மீதிக்கு வீடுகளிலிருந்து வந்தன. குழந்தை விளையாடிய போன், அலமாரிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த போன், திரை பாளம் பாளமாக வெடித்த போன், மாவு அப்பிய போன். கோயில் மின்சாரத்தில் எக்ஸ்டென்ஷன் போர்டுகளைக் கோத்து, செருகிய இடமெல்லாம் போனாக, முற்றமே வலை காயப்போட்ட மாதிரி ஒயர்மயமாகக் கிடந்தது. ஒவ்வொன்றாகக் கண்ணைத் திறந்தன; ஒவ்வொருத்தியும் ஒன்றில் தன் பழைய வாலட்டை ஏற்றிக்கொண்டாள். பழைய கயலின் நீல மீன் திரையில் வாலாட்டியபோது பெண்கள் கைதட்டினார்கள்.

மணிக்கூண்டின் சாவி மட்டும் பாக்கி. அது கிளீட்டஸ் அண்ணனின் இடுப்பில் இருந்தது. அவர் தூணோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அருகில் போனதும் சாவியை அவிழ்த்துத் தரையில் போட்டார்.

“நான் குடுத்தேன்னு சொல்லாத. நீ பறிச்சேன்னு சொல்லு.”

“பறிச்சதாவே சொல்லுதேன் அண்ணே.”

“கடிச்சேன்னும் சொல்லு. நம்புவாவ” என்றார்.

மேலே ஏறி, புதுப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி, செலினின் உடைந்த போனில் செருகினேன். ரேடியோவுக்கு அதுதான் இனி வாசல். கீழே முற்றத்தில் மற்ற போன்கள் சாட்சிக்கு நின்றன. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. புயலுக்குப் பின்னால் வருகிற அந்த மஞ்சள் வெளிச்சம். கடல் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. முதலில் நடந்தது என்னவென்றால், ஊரில் எல்லோருடைய புதுப் போன்களிலும் ஒரே நேரத்தில் ஒரு சேதி வந்தது: ‘உங்கள் பகுதி துண்டிக்கப்பட்டது.’ முகுந்தன் சொன்னது போலவே. செலின் தன் புதுப் போனைப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்புறம் ஒரு ‘டிங்.’

பெர்பெத்துவாவின் பழைய போன். “எனக்கு! எனக்கு!” என்று கத்தினாள். அவள் கத்தி முடிப்பதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னும் நாலு. இத்தனை நாளாகக் கூண்டு தூக்கிப் போட்ட ஒவ்வொரு அந்தியின் சாளையும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியது. பெருமழை தகரக் கூரையில் விழுகிற மாதிரி முற்றம் முழுக்க டிங் டிங் டிங். பெண்கள் சிரித்தார்கள், அழுதார்கள், ஒருத்தியை ஒருத்தி அடித்தார்கள். சேதியே இல்லாதிருந்த படகுகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. நலம், நலம், திரும்புகிறோம், நலம்.

நான் கூண்டிலிருந்து இறங்கி வந்து என் பழைய போனைக் கையில் எடுத்தேன். அதில் ததேயுவிடமிருந்து புயலுக்கு முந்திய நாட்களின் சாளைகள் வரிசையாக வந்தன. ஒன்று, ஒன்று, ஒன்று. அப்புறம் நின்றுவிட்டது. சுற்றிலும் சத்தம் அடங்கியது. எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிங். டிங். டிங்.

மூன்று சாளை.

ஊரில் முதல் முறையாக ஒருவர் மூன்று அனுப்பியிருக்கிறார். யாரோ மாதாவே என்றார்கள். நான் அழவில்லை. மூன்று அனுப்ப ஆள் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? எனக்கு அது போதும், அங்கிருந்து நான் பார்த்துக்கொள்வேன்.

பழைய கயலில் ஒவ்வொரு காசுக்கும் பின்னால் அது வந்த வழி இருக்கும். எந்தப் படகு கைமாற்றிக் கொடுத்தது என்று பெயர் பெயராகப் பார்க்கலாம். ததேயுவின் மூன்று சாளையை முதலில் கையில் வாங்கியது ‘கருணை மாதா.’ அதாவது அந்தப் படகின் ரேடியோ எட்டுகிற தூரத்துக்குள்தான் சலேத் மாதா கிடக்கிறது. கருணை மாதாவை ஓட்டுவது தொபியாஸ் அண்ணன். அவருடைய பெட்டி சேதியைக் கைமாற்றியிருக்கிறது, ஆனால் அவருக்கு அது தெரியாது. எனக்கென்று வந்த காசு என் போனில்தான் தெரியும். நடுவில் இருக்கிற பெட்டி தபால்காரன் மாதிரி, உறையைப் பிரிக்காது.

“அவருக்கு எப்பிடிச் சொல்லுவ?” என்றாள் செலின். “இதுல எழுத ஒண்ணும் முடியாதே.”

“எழுதாண்டாம்” என்றேன். “இந்தக் காசையே குடுத்துருவேன்.”

ததேயு எனக்கு அனுப்பிய அதே மூன்று சாளையை, அப்படியே தொபியாஸ் அண்ணனுக்கு அனுப்பினேன். பெட்டியோடு இணைத்த அவர் போனில் இப்படித்தான் தெரியும்: சலேத் மாதா, அதன் கீழே கருணை மாதா, கடைசியில் ஜெசிந்தா. யார் கையிலிருந்து புறப்பட்டது, தன் பெட்டி வழியாகவே போனது, மூன்று என்ற எண்ணிக்கை. கடலில் பிறந்து வளர்ந்த ஆளுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடலோரக் காவல்படைக்கும் போன் போட்டு கருணை மாதாவின் பெயரைச் சொன்னோம்.

அன்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முற்றத்திலேயே கஞ்சி காய்ச்சினார்கள். மறுநாள் பகல் முழுக்க முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தோம். முப்பது போன்களுக்கும் சார்ஜ் இறங்காமல் ஆளுக்கொன்றாகக் காவல் காத்தார்கள். ஒரு சாட்சி குறைந்தாலும் ஊர் செவிடாகிவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தி சாய்ந்தது. டிங், டிங். தொபியாஸ் அண்ணனிடமிருந்து இரண்டு சாளை. திரும்புகிறோம்.

அவர் திரும்புகிறார், சரி. தனியாகவா? செலின் என் தோளை இறுக்கியது இன்னும் வலிக்கிறது.

டிங்.

சலேத் மாதாவிலிருந்து ஒரு சாளை. ஒரே ஒரு சாளை. நலமாக இருக்கிறோம்.

கிளீட்டஸ் அண்ணன்தான் முதலில் ஓடினார். அந்த வயதில் அவ்வளவு வேகமாக ஒருவர் மணிக்கூண்டில் ஏறி நான் பார்த்ததில்லை. அவர் அடித்த மணி பக்கத்து நாலு ஊருக்குக் கேட்டது. திருவிழாவா, தீப்பிடித்ததா என்று அவர்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி கொடுத்தோம். நான் ஆடினேன். செலினும் நானும் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் முற்றத்தில் ஆடினோம். பங்குத்தந்தை பார்க்காத மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருணை மாதா, சலேத் மாதாவைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. அலை மேல்தட்டைக் கழுவிக்கொண்டு போயிருந்தது. இன்ஜினுக்குள் தண்ணீர். பேசுகிற ரேடியோ கம்பத்தோடு முறிந்து போயிருந்தது. டிபன் பாக்ஸ் பெட்டி மட்டும் சுக்கான் பிடிக்கிற வீல்ஹவுஸ் மூலையில் கட்டிய கட்டு அவிழாமல் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் வந்தார்கள். உதடு வெடித்து, தாடி வளர்ந்து, ஒரு சுற்று இளைத்து வந்தார்கள். ஆனால் எல்லோரும் வந்தார்கள்.

கயல் முடங்கித்தான் கிடந்தது. ஐஸ்காரனிடமும் டீசல் பங்கிலும் ரூபாயாகக் கடன் சொல்லிச் சமாளித்தோம். செலின் வீட்டுக் கூரைக்குத் தார்ப்பாய் போட்டோம். நானும் ஏணி பிடித்தேன். ஜூனில் எங்கள் தடைக்காலம் தொடங்கி, எல்லாப் படகுகளும் கரைக்கு வந்தபோது, சென்னையிலிருந்து ஒரு ஒல்லியான இளைஞர் பையோடு என் கடை வாசலில் வந்து நின்றார்.

“ஜெசிந்தா மேடம்? நான் முகுந்தன். இப்ப நிஜமாவே தடைக்காலம்தானே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலிடத்தில் சண்டை போட்டு அனுமதி வாங்கி வந்திருந்தார். வீடு வீடாக உட்கார்ந்து, பழைய வாலட்டைத் திறக்கும் ரகசிய எண்களை எடுத்து, எல்லோருடைய கயலையும் புதிய பதிப்புக்கு மாற்றிக் கொடுத்தார். யாருடையதும் குறையவில்லை. செலினின் கூரை இப்போது கான்கிரீட். பழைய நெட்வொர்க்கை என்ன செய்வது என்று கேட்டதற்கு, அது அப்படியே இருக்கட்டும் என்றார். புதியதோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அங்கே இருக்கிற காசுக்கு இனி மதிப்பே கிடையாது, திருடினாலும் பயனில்லை. சாளைக்கு எப்போது மதிப்பு இருந்தது என்று கேட்டேன்.

உதவிப் பக்கத்தின் பதிலையும் அவர்தான் மாற்றினார். இப்போது அங்கே இப்படி இருக்கிறது: “பணம் அனுப்ப வேலை செய்யாது. உங்கள் ஆட்கள் இன்னும் கடலில் இருந்தால், அவர்கள் திரும்பும் வரை கரையில் பழையதை அணைக்காதீர்கள்.”

அவர் கிளம்புகிற நாளில் எங்கள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. ததேயு தன் கையால் மீன் பரிமாறினார். பேச்சுவாக்கில் முகுந்தன், “நல்லவேளை, உங்க பெட்டியில பழைய பதிப்பு இருந்தது” என்றார்.

“அது புதுசு கேட்டுச்சே” என்றார் ததேயு.

முகுந்தன் கை பாதி வழியில் நின்றது. “என்ன கேட்டுது?”

“எங்களுக்குப் பொறவு கொச்சியிலேர்ந்து வந்த ஒரு படகு பக்கத்துல வந்துச்சு. அதுலேர்ந்து எங்க பெட்டிக்கு வந்திருக்கு. ‘புதிய பதிப்பு கிடைத்துள்ளது, புதுப்பிக்கவா’ன்னு கேட்டுச்சு. நான் வேண்டாம்னு அமுக்கினேன். தெனமும் கேட்டுச்சு. தெனமும் வேண்டாம்னேன். பையமாரெல்லாம் கேலி பண்ணினானுவ.”

“ஏன் சார் வேண்டாம்னீங்க?”

ததேயு என்னைப் பார்த்தார். “போன வருசம் போன்ல ஏதோ கேட்டுச்சு, சரின்னு அமுக்கிட்டேன். கல்யாண போட்டோ அம்புட்டும் போச்சு. அன்னைக்கு இவ சொன்னா, இனி என்னக் கேக்காம எதையும் அமுக்காண்டாம்னு. நடுக்கடல்ல இவள எப்பிடிக் கேக்க? அதனால வேண்டாம்னேன்.”

முகுந்தன் மெதுவாகச் சொன்னார். “சரின்னு அமுக்கியிருந்தா, சுத்தி இருந்த பழைய பெட்டிங்களுக்கு நீங்க பேசுறது புரிஞ்சிருக்காது சார். கருணை மாதா உங்க மூணு சாளையைக் கையிலயே வாங்கியிருக்காது.”

ஊருக்கெல்லாம் ‘உடனே அப்டேட் செய்யவும்’ என்று பலகை மாட்டிய கடைக்காரியின் புருஷன், அவள் திட்டுக்குப் பயந்து அப்டேட் செய்யாமல் இருந்ததால் பிழைத்திருக்கிறான். நான் சட்டியில் இருந்ததிலேயே பெரிய துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

“இனி கேட்டா என்ன அமுக்க?” என்றார்.

“என்னக் கேளுங்க.”

அன்று அந்தியில் வாசல்படியில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். முகுந்தனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தோம். படகுகள் எல்லாம் கரையில், ஆண்கள் எல்லாம் வீட்டில், தெருவில் டிங் சத்தத்துக்கே வேலையில்லாத நாட்கள். என் மடியில் கிடந்த பழைய போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். சலேத் மாதாவின் ததேயுவிடமிருந்து ஒரு சாளை.

திரும்பிப் பார்த்தேன். ஒரு முழ தூரத்தில், தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டிலிருந்து செலின் கழுத்தை நீட்டினாள்.

“ஒனக்கு வந்தாச்சா பிள்ளே?”

“வந்தாச்சு” என்றேன்.